பூட்டுச் சின்னம் யாரைக் காக்கிறது? விலையுயர்ந்த பொருளை இணையத்தில் வாங்கும்போது பணம் கட்டுவது பற்றி

என் சித்தி மகள் ஒரு கைக்கடிகாரம் வாங்குவதற்காக விற்பனையாளர் ஒருவரிடம் மூன்று நாளாகப் பேசிக்கொண்டிருந்தாள். பெயர்பெற்ற நிறுவனத்தின் கடிகாரம்தான், ஆனால் ஏற்கெனவே ஒருவர் கட்டியது. படங்கள் வந்தன. பெட்டி, உத்தரவாத அட்டை, பின்மூடியில் பொறித்த எண், வாரின் உட்புறத் தையல் வரை எல்லாம் தெளிவாக இருந்தன. விலையும் படிந்தது. பணம் கட்ட வேண்டிய நேரத்தில் இப்படி ஒரு செய்தி வந்தது: “மேடம், கார்டில் கட்டினால் எங்களுக்கு 3 சதவீதம் கட்டணமாகப் போய்விடுகிறது. நேரடியாக வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் 5 சதவீதம் குறைத்துத் தருகிறேன். இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.”

அதை எனக்கு அனுப்பிவிட்டுக் கேட்டாள்: “அக்கா, அவர்கள் தளத்தில் பூட்டுச் சின்னம் இருக்கிறது. அனுப்பிவிடலாமா?”

நான் பூட்டைப் பார்க்கவில்லை, கணக்கைப் பார்த்தேன். 3 சதவீதத்தை மிச்சம் பிடிக்க 5 சதவீதத்தை விட்டுக்கொடுக்கும் வியாபாரி யார்? மிச்சமுள்ள அந்த 2 சதவீதத்தைக் கொடுத்து அவர் நம்மிடமிருந்து எதையோ வாங்குகிறார். நாம் விற்கிறோம் என்று தெரியாமலே விற்கும் அந்தப் பொருள் எது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பூட்டு எதற்கு?

இணையத்தில் பணம் கட்டும்போது நமக்கு இரண்டு பயங்கள் இருக்கின்றன. நம் கார்டு எண்ணை வழியில் யாராவது திருடிவிடுவார்களோ என்பது ஒன்று. பணத்தை வாங்கிக்கொண்டவரே ஏமாற்றிவிடுவாரோ என்பது மற்றொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பூட்டைப் பார்த்ததும் நெஞ்சு ஆறுதல் அடைகிறது.

முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டு முதல் பயத்துக்கான மருந்து மட்டுமே. உங்கள் கருவிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவல் மறையாக்கம் செய்யப்படுகிறது, நடுவில் ஒட்டுக்கேட்பவருக்கு ஒன்றும் புரியாது என்பதே அதன் பொருள். மறுமுனையில் இருப்பவர் நாணயமானவரா என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. திருடன் வீட்டுக்கும் நல்ல பூட்டு இருக்கலாம். பூட்டுக்காகத் தளம் வைத்திருக்க வேண்டிய சான்றிதழை, லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் யாருக்கும் இலவசமாக வழங்கி வருகிறது. இணையத்தை ஒட்டுக்கேட்பதிலிருந்து காத்த நல்ல காரியம் அது. ஆனால் போலிக் கடை போடுபவருக்கும் பூட்டு இலவசம். பூட்டை நம்பகத்தன்மையின் முத்திரையாக மக்கள் தவறாக எடுத்துக்கொள்வதைக் கண்டு, கூகுள் குரோம் உலாவி 2023இல் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டு வேறொரு சின்னத்தை வைத்துவிட்டது.

ஆக, மறையாக்கம் இல்லாத தளத்தில் பணம் கட்டவே கூடாது. பூட்டு இருக்கிறது என்பதற்காகவும் கட்டக் கூடாது.

இழுப்பதும் தள்ளுவதும்

இரண்டாவது பயத்துக்கு மருந்து, பணம் போகும் பாதையில் இருக்கிறது. பணம் கட்டும் முறைகளுக்கு எத்தனையோ பெயர்கள் உண்டு. ஆனால் அடிப்படையில் இரண்டே வகைதான்: தள்ளுவது, இழுப்பது.

வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு அனுப்பும்போது பணத்தை நாம் தள்ளுகிறோம். “இந்தத் தொகையை அவருக்குக் கொடு” என்று நம் வங்கிக்கு ஆணையிட்டோம், வங்கி அதைச் செய்தது, அதோடு கதை முடிந்தது. கையில் ரொக்கத்தைக் கொடுத்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஏமாந்துவிட்டோம் என்று மறுநாள் ஓடினால், “நீங்கள் சொல்லித்தானே அனுப்பினோம்” என்று வங்கி கேட்கும். கேள்வி நியாயமானதுதான்.

கார்டில் கட்டும்போது நடப்பது வேறு. விற்பவருக்கு நாம் அனுமதி மட்டும் தருகிறோம். அந்த அனுமதியைக் காட்டி அவருடைய வங்கி, கார்டு வலையமைப்பின் வழியாக, நமக்குக் கார்டு கொடுத்த வங்கியிடமிருந்து பணத்தை இழுத்துக்கொள்கிறது. நாம், நம் வங்கி, விற்பவர், அவருடைய வங்கி என்று நான்கு பேர், நடுவில் விசா அல்லது மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பு. இழுத்த கயிற்றின் மறுமுனை நம் பக்கத்திலும் இருப்பதால் திருப்பி இழுக்கவும் வழி உண்டு. பொருள் வரவில்லை, வந்தது சொன்னபடி இல்லை, வந்தது போலி என்றால் நம் வங்கியிடம் முறையிட்டு, விற்பவரின் வங்கியிடமிருந்து பணத்தை மீட்கலாம். இதற்குத்தான் சார்ஜ்பேக் என்று பெயர்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. விற்பவர் கடையை மூடிவிட்டு ஓடிவிட்டால், திருப்பித் தர வேண்டிய தொகை அவருடைய வங்கியின் தலையில் விழும். அதனால்தான் கார்டு வசதி கேட்டு வரும் வியாபாரியை வங்கி முன்கூட்டியே விசாரிக்கிறது, புகார்கள் பெருகினால் வசதியைப் பிடுங்கிக்கொள்கிறது. நமக்காக வேறொருவர் தன் பணத்தைப் பணயம் வைத்துக் காவல் காக்கிறார் என்று சொல்லலாம். கார்டுக் கட்டணம் என்று வியாபாரி அலுத்துக்கொள்ளும் தொகையில் இந்தக் காவலுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இப்போது அந்த 5 சதவீதத்துக்கு வாருங்கள். விற்பவர் நம்மிடம் வாங்க நினைத்தது இந்தக் கயிற்றைத்தான்.

உடனே அவரை மோசடிக்காரர் என்று முடிவு கட்டவும் கூடாது. நல்ல பொருளை வாங்கி வைத்துக்கொண்டு “வரவே இல்லை” என்று பொய்ப் புகார் கொடுக்கும் வாடிக்கையாளர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். விலையுயர்ந்த பொருளை விற்பவருக்கு அப்படி ஒரே ஒரு புகார் போதும், மாத லாபம் கரைந்துவிடும். அவருடைய பயமும் உண்மையானதே. ஆனால் அவருடைய பயத்துக்கு நாம் ஏன் காப்பீடு செய்ய வேண்டும்?

கயிற்றின் நீளம்

சார்ஜ்பேக் மந்திரக்கோல் இல்லை. அதற்குக் காலக்கெடு உண்டு, சான்றும் வேண்டும். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் இத்தகைய புகார்களுக்குப் பொதுவாக 120 நாள். பொருள் வந்த நாள், அல்லது வந்திருக்க வேண்டிய நாள் அதன் தொடக்கம். சில நாடுகளில் இதற்கு மேல் சட்டமும் துணைக்கு வருகிறது. அமெரிக்காவில் கடன் அட்டை வாடிக்கையாளரைக் காக்கும் சட்டமும், பிரிட்டனில் நுகர்வோர் கடன் சட்டமும் ஒரே ஆண்டில், 1974இல், பிறந்தவை. பிரிட்டன் சட்டத்தின் 75ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளைக் கடன் அட்டையில் வாங்கினால், விற்பவரோடு சேர்ந்து அட்டை கொடுத்த நிறுவனமும் அந்த விற்பனைக்குப் பொறுப்பு. ஓரளவு ஆடம்பரமான கைப்பைகளும் கடிகாரங்களும் பெரும்பாலும் இந்த வரம்புக்குள்ளேதான் வரும்.

இந்தச் சட்டங்கள் கடன் அட்டைக்கானவை, டெபிட் கார்டுக்கு அல்ல. டெபிட் கார்டுக்கும் சார்ஜ்பேக் உண்டு. ஆனால் புகார் தீரும் வரை போன பணம் நம் சேமிப்பிலிருந்து போன பணம். கடன் அட்டையில் அது வங்கியின் பணம். இரண்டும் கையில் இருந்தால் எதை எடுப்பது என்று யோசிக்க வேண்டியதே இல்லை.

ஆடம்பரப் பொருள்களில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், பெரும்பாலும் பெட்டி வந்துவிடும். உள்ளே இருப்பது அசலா என்பதுதான் கேள்வி. தோல் கொஞ்சம் வழவழப்பாகத் தெரிகிறது, கொக்கி எடை குறைவாக இருக்கிறது என்று வங்கியிடம் சொல்லிப் பயன் இல்லை. விசாவின் விதிகளில் போலிப் பொருளுக்கென்றே 13.4 என்ற எண்ணில் தனிப் பிரிவு இருக்கிறது. அதன்கீழ் புகார் நிற்க வேண்டுமானால், அந்தப் பொருளின் உரிமையாளர் நிறுவனமோ, சுங்கத்துறை போன்ற அரசு அமைப்போ, நடுநிலையான நிபுணரோ அது போலி என்று சொல்லியிருக்க வேண்டும். ஆகவே சந்தேகம் வந்தால் அன்றைக்கே நிபுணர் ஒருவரைத் தேடுங்கள். எழுத்தில் வாங்கிய ஒரு பக்க அறிக்கை, நீங்கள் எழுதும் பத்துப் பக்கக் கோபத்தைவிட வலிமையானது.

பலரும் குழம்பும் இன்னொரு இடம் ஓடிபி. “நான்தான் ஓடிபி போட்டேனே, இனி எப்படிப் புகார் கொடுப்பது?” என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஓடிபி சொல்வது ஒன்றே ஒன்று: பணம் கட்டியது கார்டுக்கு உரியவர்தான். அதனால் “நான் கட்டவே இல்லை” என்ற புகார் அங்கே எடுபடுவது கடினம். “கட்டினேன், பொருள் வரவில்லை” என்பது வேறு புகார். அதற்கு ஓடிபி தடையே இல்லை. ஆனால் அந்த ஆறு இலக்கத்தைத் தொலைபேசியில் ஒருவரிடம் வாசித்துக் காட்டினீர்கள் என்றால் கதை தலைகீழ். திருடியவர் செய்ததை நீங்களே செய்ததாக ஆக்கிவிட்டீர்கள்.

மற்ற பாதைகள்

இணையப் பணப்பை நிறுவனங்களில் ஒரே திரையில் இரண்டு பொத்தான்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பேபாலை எடுத்துக்கொண்டால், பொருளுக்கும் சேவைக்கும் பணம் கட்டுவது ஒன்று, நண்பர்களுக்கும் குடும்பத்தாருக்கும் அனுப்புவது இன்னொன்று. முதலாவதில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு உண்டு, 180 நாளுக்குள் புகார் தொடங்கலாம். இரண்டாவதில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. நேற்றுவரை முகம் தெரியாத ஒருவர், “நண்பர் என்று போட்டு அனுப்புங்கள், கட்டணம் மிச்சம்” என்று சொன்னால், அந்த நட்பின் விலை கைப்பையின் முழு விலை.

நேரடிப் பரிமாற்றம் என்றாலே ஆபத்து என்று சொல்ல மாட்டேன். நிறுவனத்தின் பதிவு செய்த பெயரிலேயே கணக்கு இருந்து, பல ஆண்டுகளாகத் தெரிந்த கடையாகவும் இருந்தால் நானே அனுப்பியிருக்கிறேன். கடையின் பெயர் ஒன்றாகவும் கணக்கின் பெயர் தனிமனிதர் ஒருவருடையதாகவும் இருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். “தணிக்கை நடக்கிறது, அதனால் மேலாளர் கணக்கு” என்ற விளக்கத்தை நம்பாதீர்கள். இந்தப் பெயர்ப் பொருத்தத்தைப் பார்த்துச் சொல்லும் வசதியை பிரிட்டன் வங்கிகள் 2020இல் கொண்டுவந்தன. ஏமாற்றப்பட்டு அனுப்பிய பணத்தை 85,000 பவுண்டு வரை வங்கிகள் ஈடுசெய்ய வேண்டும் என்ற விதியும் அங்கே 2024 அக்டோபரில் வந்தது. அந்த விதி உள்நாட்டுப் பரிமாற்றத்துக்கு மட்டும்தான். எல்லை தாண்டிப் போன பணத்துக்கு அது பொருந்தாது.

பிட்காயின் போன்றவற்றில் அனுப்பியதைத் திரும்பக் கேட்க ஆளே கிடையாது, அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. பரிசு அட்டையின் எண்ணைச் சுரண்டி அனுப்பச் சொல்பவர் கடைக்காரரே இல்லை.

இரு தரப்பின் பயத்துக்கும் மருந்து ஒன்று உண்டென்றால் அது எஸ்க்ரோ. பணத்தை நடுவர் ஒருவர் வாங்கி வைத்துக்கொள்வார். பணம் வந்துவிட்டது என்று தெரிந்த பிறகு விற்பவர் பொருளை அனுப்புவார். நாம் பார்த்துச் சரி என்ற பிறகு நடுவர் பணத்தை விடுவிப்பார். 2003இல் ஜெர்மனியில் தொடங்கிய கடிகாரச் சந்தையான குரோனோ24 இப்படிப் பணத்தை இடையில் நிறுத்தி வைக்கும் முறையைக் கையாள்கிறது. இணையச் சந்தையான ஈபே 2020இல் கடிகாரங்களுக்குச் சரிபார்ப்புச் சேவையைத் தொடங்கியது. அதில் குறிப்பிட்ட வகைப் பொருள்கள் முதலில் நிபுணர்களிடம் போய்ச் சோதிக்கப்பட்ட பிறகே வாங்கியவருக்கு வரும்.

எஸ்க்ரோவுக்கும் போலி உண்டு. “எங்களுக்கு வழக்கமான நடுவர் இவர்தான்” என்று விற்பவர் ஒரு இணைப்பை அனுப்புவார். தளமும் பூட்டும் பளபளப்பாக இருக்கும், ஆனால் நடுவரும் விற்பவரும் ஒரே ஆள். நடுவரை நீங்கள் தேர்ந்தெடுங்கள். அவருடைய முகவரியை உங்கள் விரலாலேயே தட்டுங்கள், இணைப்பைச் சொடுக்காதீர்கள். ஆய்வுக்கு எத்தனை நாள் என்பதையும் முன்பே படித்துவிடுங்கள். அந்த நாள்கள் கடந்துவிட்டால் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டாலும் பணம் போய்விடும்.

பணம் கட்டும் பேச்சுக்கு முன்னே

சில நேரங்களில் பணம் கட்டும் முறையைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. ஷனேல் நிறுவனம் தன் கைப்பைகளை இணையத்தில் விற்பதில்லை. ரோலெக்ஸ் தன் கடிகாரங்களைத் தன் தளத்தில் விற்பதில்லை, அங்கீகரித்த கடைகளின் வழியாகவே விற்கிறது. ஆகவே “ஷனேல் அதிகாரபூர்வத் தளம், புதிய கைப்பை, 70 சதவீதத் தள்ளுபடி” என்று ஒன்று கண்ணில் பட்டால் எந்தக் கார்டு நல்லது என்று ஆராய வேண்டாம். வாங்க நினைக்கும் நிறுவனம் இணையத்தில் விற்கிறதா என்பதை அதன் சொந்தத் தளத்தில் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

எல்லை தாண்டி வாங்குபவர்களுக்கு ஓர் இடைச்செருகல். முதலைத் தோல் வார், மலைப்பாம்புத் தோல் பை என்று ஆசைப்பட்டால், அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும், 1975 முதல் நடைமுறையில் இருக்கும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின்படி அனுமதிச் சீட்டு வேண்டியிருக்கும். சீட்டு இல்லாமல் வந்தால் சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம். பொருள் அசல், பணம் கட்டிய முறையும் சரி, ஆனாலும் கைக்கு வராது. சீட்டை யார் வாங்குவது, பறிமுதல் ஆனால் இழப்பு யாருடையது என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

நல்ல கடையிலும் கசியும்

கடை நாணயமானது, பூட்டும் இருக்கிறது, அப்படியும் கார்டு எண் திருடு போகும். 2018 ஆகஸ்ட், செப்டம்பரில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தின் பணம் கட்டும் பக்கத்தில் சில வரி நிரலை யாரோ நுழைத்து, வாடிக்கையாளர்கள் தட்டிய கார்டு விவரங்களை அப்படியே நகல் எடுத்தார்கள். அந்த நிறுவனத்துக்கு 2020இல் 2 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், நான்கு பேர் நடத்தும் கைப்பைக் கடையை நினைத்துப் பாருங்கள்.

இதற்கு நாம் செய்யக்கூடியது, உண்மையான எண்ணைத் தராமல் இருப்பதுதான். பல வங்கிகள் மெய்நிகர் கார்டு தருகின்றன: ஒரே முறைக்கு ஓர் எண், நாமே வைக்கும் வரம்பு, வேலை முடிந்ததும் செல்லாமல் போய்விடும். கைப்பேசிப் பணப்பைகளும் ஏறத்தாழ இதையே செய்கின்றன. 2014இல் ஆப்பிள் பே வந்தபோது கார்டு எண்ணுக்குப் பதிலாக அந்தக் கருவிக்கென்று வேறோர் எண்ணைக் கடைக்கு அனுப்பும் முறையோடு வந்தது. கடையிலிருந்து எண் கசிந்தாலும் திருடனுக்கு அதனால் லாபம் இல்லை.

கார்டின் பின்புறமுள்ள சிவிவி எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பணம் கட்டி முடிந்ததும் அந்த எண்ணை எந்தக் கடையும் சேமித்து வைத்திருக்கக் கூடாது என்பது கார்டு நிறுவனங்கள் சேர்ந்து 2004இல் வகுத்த பாதுகாப்பு நெறி. கார்டின் இரு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லும் கடை, தெரிந்தோ தெரியாமலோ, அந்த நெறியை மீறச் சொல்கிறது.

பெட்டி வந்த நாள்

ஆர்டர் உறுதிப் பக்கம், விளம்பரத்தில் இருந்த வாசகம், விற்பவர் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் படமாகச் சேமித்து வையுங்கள். பக்கம் நாளைக்கு இல்லாமல் போகலாம். பெட்டியைப் பிரிக்கும்போது ஒரே தொடர்ச்சியாகக் காணொளி எடுங்கள். முகவரிச் சீட்டு முதலில் தெரியட்டும், பிறகு ஒட்டுநாடா, பிறகு பொருள். குறிச்சீட்டை வெட்டாதீர்கள். விசேஷத்துக்கு ஒருமுறை கட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு நிபுணரிடம் காட்டலாம் என்றும் நினைக்காதீர்கள்.

குறை இருந்தால் முதலில் விற்பவருக்கே எழுதுங்கள், தொலைபேசியில் பேசினாலும் பேசியதை எழுதி அனுப்புங்கள். அதே நேரத்தில் நாள்காட்டியில் ஒரு கண் இருக்கட்டும். “அடுத்த வாரம் அனுப்புகிறேன்”, “கணக்காளர் விடுப்பில் இருக்கிறார்” என்று காலக்கெடு தாண்டும் வரை இழுப்பது பழைய தந்திரம். “புகாரைத் திரும்பப் பெறுங்கள், உடனே பணத்தைப் போடுகிறேன்” என்பது அதன் தம்பி. பேபாலில் மூடிய புகாரை மீண்டும் திறக்க முடியாது. பணம் வந்த பிறகு மூடினால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

சித்தி மகள் 5 சதவீதத் தள்ளுபடியை விட்டுவிட்டாள். “முழு விலையும் தருகிறேன், கார்டில்தான் கட்டுவேன்” என்று எழுதினாள். அரை நாள் பதில் இல்லை. பிறகு அவர் ஒப்புக்கொண்டார். வந்த இணைப்பில் பணம் பெறுபவர் பெயர் கடையின் பெயராகவே இருந்தது. கடிகாரம் பன்னிரண்டாம் நாள் வந்தது. நிபுணர் பார்த்துவிட்டு அசல் என்றார். ஆனால் கண்ணாடியில் ஒன்பதாம் எண்ணுக்கு அருகே மெல்லிய கீறல், படங்களில் இல்லாதது. காணொளியிலிருந்து அந்தக் காட்சியை வெட்டி அனுப்பினாள். விற்பவர் வருத்தம் தெரிவித்து, விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகச் சொல்லி அவளுடைய வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டார். அவள் தரவில்லை. பணம் எந்தக் கார்டிலிருந்து வந்ததோ அந்தக் கார்டுக்கே போடச் சொன்னாள். அடுத்த மாதக் கார்டு அறிக்கையில் கட்டிய தொகையும் திரும்பி வந்த தொகையும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன.